வீட்டார் ஒருங்கிருந்து கேட்கச் சில பாட்டுகள்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் அக்கரைப்பற்று மாணவியொருவர் நமக்கு ஒரு கடிதம் வரைந்துள்ளார். "வாப்பாவுக்குப் பிடித்த பாட்டு எனக்குப் பிடிப்பதில்லை, நான் கேட்பதை உம்மா நிறுத்தச் சொல்கிறார். எல்லோரும் ஒருங்கிருந்து கேட்கக்கூடிய பாட்டுகள் சிலவற்றை எழுதலாகாதா?" என்பது அவருடைய வேண்டுகோள். இலகுவான காரியமன்று. பாட்டே வேண்டாமென்றிருக்கும் வீடுகளும் நமது வாசகர் வீடுகளுள் உள. அவர்களோடு வழக்காட நாம் வரவில்லை. ஆயினும் இதன் பிற்பகுதியை அவர்களும் வாசித்தல் வேண்டும்.

நாகூர் ஈ. எம். ஹனீபாவிலிருந்து தொடங்குவோம். 1925 இல் பிறந்து 2015 இல் மறைந்த அப்பெரியாரின் குரல் ஒலியாத நோன்பு மாதம் நமது ஊரில் ஒரு காலத்தில் இருந்ததில்லை. எல்லாச் சமயத்தாரும் பாடும் அவருடைய பிரார்த்தனைப் பாடலின் பெயரை இங்கு சொல்லவும் வேண்டுமோ? ஆகவே அதனை விடுத்து வேறொன்று கூறுவோம். 1961 இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' படத்தில் ரி. எம். சௌந்தரராஜனுடன் இணைந்து அவர் பாடிய பெருநாட் பாட்டைக் கேளுங்கள். கவிஞர் கண்ணதாசன் எழுதியது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையமைத்தது. கம்பீரமான இரு குரல்கள் ஒன்றையொன்று மிஞ்ச முயலாமல் இணைந்து செல்லும் அழகை அங்கு காணலாம். வாப்பாமாருக்கு இது நிச்சயமாகப் பிடிக்கும்.

இதே ஹனீபாவை 1997 இல் 'ராமன் அப்துல்லா' படத்திற்காக இளையராஜா பாடவைத்தார். எழுபதைக் கடந்த வயதிலும் அக்குரலில் தளர்ச்சியில்லை. அப்படத்தை இயக்கிய பாலு மகேந்திரா நமது மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்தவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

பரீட்சைக்குப் படிப்போருக்கு நாம் பரிந்துரைப்பது சொல்லில்லாத இசை. பாட்டின் சொற்கள் பாடப்புத்தகத்தின் சொற்களோடு மல்லுக்கு நிற்கும் என்பது எமது அனுபவம். இளையராஜா 1986 இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பு தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜேர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. வயலின் வாத்தியமே அதன் உயிர். பாலு மகேந்திரா தம் 'வீடு' படத்தின் பின்னணிக்கு இத்தொகுப்பையே எடுத்தாண்டார். முதன்முறை கேட்கையில் எமக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதை ஒளியாமற் கூறுகிறோம். நான்காம் முறைக்குப் பின்னரே பிடித்தது.

இனி, நமது நாட்டுப் பாட்டுகள். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யை அறியாதார் இலர். 1978 இல் வந்த நமது நாட்டுப் படமாகிய 'வாடைக்காற்று'க்கு ரி. எவ். லத்தீப் அமைத்த இசையைத் தேடிக் கேளுங்கள். 1919 இல் சேலத்திற் பிறந்து இங்கு வந்து சிங்களப் பாடகராய்ப் புகழ்பெற்ற மொஹிதீன் பேக்கையும் மறவாதீர்கள். அவர் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் வெசாக் காலத்தில் இன்றும் ஒலிக்கின்றன. மொழி விளங்காவிடினும் குரல் விளங்கும்.

புதியனவற்றுள் ஒன்று மட்டும் கூறுவோம். 2021 இல் அறிவு, தீ இருவரும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'. இதன் ஆரவாரத்தைக் கேட்டு முகஞ்சுளிக்கும் உம்மாமார் சற்றுப் பொறுத்தல் வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தம் பாட்டியின் கதைகளிலிருந்தே அறிவு இதனை எழுதினார். ஒரு பேரன் தன் பாட்டி சொன்னதைக் காதில் வாங்கியிருந்தமையால் உலகத்துக்கு ஒரு பாட்டுக் கிடைத்தது.

நாம் சொல்லவந்த செய்திக்கு இது வழிகாட்டுகிறது. நமது ஊர்களின் சொந்தச் சொத்தாகிய 'கவி'யை நாம் என்ன செய்தோம்? நாலே அடிகள், வாத்தியம் எதுவுமில்லை, நீட்டி இழுக்கும் ஒரு ராகம். வட்டைக் காவலுக்குப் போன மச்சானை நினைத்துப் பாடுவது. பேசிவந்த சம்பந்தம் தவறியதைச் சொல்லி அழுவது. எதிர்க்கவி கட்டி ஏளனஞ் செய்வது. எழுதப் படிக்க அறியாத பெண்கள் பன்பாய் இழைத்தபடியே கட்டிய கவிகள் எத்தனையோ. பண்டிதர் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூல் இப்பகுதியின் நாட்டுப் பாடல்களைப் பேணித் தந்தது, நிந்தவூர் எஸ். முத்துமீரானும் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகளைத் தேடித் தொகுத்தார். சொற்கள் இவ்வாறு தப்பின. ராகத்தை எந்த அச்சகம் அச்சிடும்?

காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த பழந்தமிழ் யாழின் சுரங்களைப் பழைய நூல்களின் வரிகளைக்கொண்டு கணக்கிட்டு மீட்கப் பல்லாண்டு உழைத்தார். 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதத்தில் அரங்கேறியது; அடுத்த மாதம் அவர் காலமானார். கேட்டவர் ஒருவரும் எஞ்சாத இசையை ஏட்டிலிருந்து மீட்பதற்கு அத்தகைய அறிஞரின் ஆயுளே தேவைப்பட்டது. கவியைக் கேட்டவர்கள், பாடியவர்கள், இன்னும் நமது வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள்.

ஆகவே மாணவமணிகளே, கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு மூத்தம்மாவிடம் செல்லுங்கள். "பாடுங்கள்" என்று கேட்டால் வெட்கப்பட்டு மறுத்துவிடுவார். பாயோ வெற்றிலைத் தட்டோ கையிலிருக்கும் வேளையில் அருகிருந்து பழைய கதை கேளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் இரைச்சல் குரலைத் தின்றுவிடும். முதலிற் பாடியவர் பெயரையும் ஊரையும் திகதியையும் சொல்லிவிட்டுப் பதிவுசெய்யுங்கள். காதற் கவியைப் பிறர் கேட்பதை அவர் விரும்பாதிருக்கலாம். அவருடைய சம்மதமின்றி எவருக்கும் அனுப்பாதீர்கள்.

எமது மூத்தம்மா பாடிய கவிகளை எமது மச்சான் ஒருவர் அறுபது நிமிடக் கசற் ஒன்றில் பதிவுசெய்து, ஹனீபாவின் கசற்றுகளோடு ஒரே பெட்டியில் சாய்ந்தமருதில் தம் வீட்டில் வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26 இல் கடல் அந்த வீட்டைக் கொண்டுபோயிற்று. மச்சானும் பிள்ளைகளும் தப்பினர், அல்ஹம்துலில்லாஹ். ஹனீபாவின் கசற்றுகளை அடுத்த ஆண்டே மீண்டும் வாங்கினோம். மூத்தம்மா அதற்கு முன்பே மறைந்துவிட்டார். அவருடைய கவிகளுள் மூன்று எமக்கு நினைவிலுண்டு. ராகம் ஒன்றுக்குத்தான் சரியாக வருகிறது.