எந்த வாழ்க்கை வரலாற்றைக் கையில் எடுப்போம்?

பத்தாம் வகுப்பு மாணவி



வாழ்க்கை வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் பலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். கதைப் புத்தகம் என்றால் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தாவது படித்து முடிக்கிறோம். வாழ்க்கை வரலாறு என்றாலோ காய்ச்சலுக்குக் கொடுக்கும் கஷாயத்தைப்போல மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறோம். பரிசளிப்பு விழாவில் நமக்குக் கிடைக்கும் புத்தகங்களில் இவ்வகைதான் அதிகம். வண்ணத்தாளைப் பிரித்து, உள்ளே ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டை அப்பா அம்மாவிடம் காட்டி, அலமாரியில் வைத்துவிடுகிறோம். பிறகு அதைத் தொடுபவர் யார்? புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் குற்றம் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு என் அனுபவத்தையே சான்றாகச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரு வாழ்க்கை வரலாற்றைப் படித்து, அதைப்பற்றி இரண்டு பக்கம் எழுதி வரவேண்டும் என்று எங்கள் தமிழாசிரியை சொன்னார்கள். நான் நூலகத்தில் இருந்ததிலேயே மெலிந்த புத்தகமாகப் பார்த்து எடுத்தேன். ஒரு தலைவரைப் பற்றியது. பிறந்தார், படித்தார், சிறை சென்றார், பதவி வகித்தார், மறைந்தார். ஐந்து வயதிலேயே பொய் சொல்லாதவர். ஆறு வயதிலேயே ஏழைக்கு இரங்கியவர். பத்துப் பக்கத்தை என்னால் தாண்ட முடியவில்லை. விடுமுறையின் கடைசி இரவில், அந்தப் புத்தகத்தின் முன்னுரையையே அங்கொரு சொல் இங்கொரு சொல் மாற்றி எழுதிக்கொண்டு போனேன். ஆசிரியை சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று போட்டதோடு, வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினார்கள். தோழிகள் கைதட்டினார்கள். எனக்கோ உட்கார்ந்திருந்த பெஞ்சு முள்ளாய்க் குத்தியது.

அந்த வார இறுதியில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். மின்சாரம் போய்விட்ட மாலை நேரம். சன்னலோர அலமாரியில் இருந்த ‘சத்திய சோதனை’யை எடுத்துச் சும்மா ஓரிடத்தில் பிரித்தேன். காந்தியடிகள் திருடிய கதை வந்தது! அப்போது அவருக்கு வயது 15. அண்ணன் பட்டிருந்த சுமார் 25 ரூபாய்க் கடனைத் தீர்க்க, அந்த அண்ணனின் தங்கக் காப்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி எடுக்கிறார். கடன் தீர்ந்தது, மனச்சுமை தீரவில்லை. தந்தையிடம் வாயால் சொல்லத் துணிவில்லாமல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயுற்றுப் படுத்திருந்த தந்தையின் கையில் கொடுக்கிறார். தந்தை எழுந்து உட்கார்ந்து படிக்கிறார். கண்ணீர் தாளை நனைக்கிறது. ஒரு வார்த்தையும் பேசாமல் தாளைக் கிழித்துவிடுகிறார்.

அந்த அத்தியாயத்தை மூன்று முறை படித்தேன். திங்கட்கிழமை காலையில் ஒரு தாளில் நான் செய்ததை எழுதி, ஆசிரியர் அறை வாசலில் நின்று தமிழாசிரியையிடம் கொடுத்தேன். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைக் கடைசியில் கூறுகிறேன்.

தோழியரே, இங்கேதான் என் கருத்து பிறந்தது. புகழ்ச்சி மட்டுமே நிறைந்த ஒரு புத்தகம் என்னைப் படிக்க விடாமல் செய்தது. தம் தவற்றை ஒளிக்காத ஒரு புத்தகம் என்னை உண்மை பேச வைத்தது. ஆகவே நம் வயதினர் வாழ்க்கை வரலாற்றைத் தேடும்போது, சறுக்கி விழுந்ததையும் எழுந்ததையும் சொல்லும் நூலையே தேடவேண்டும். யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா? சறுக்காத யானையைப் பற்றி எழுதினால் அது பொம்மை யானையாகத்தான் இருக்கும்.

இந்த எண்ணத்தோடு நூலகத்தில் தேடியபோது எனக்குக் கிடைத்த செல்வங்கள் பல. முதலாவது, ஹெலன் கெல்லரின் ‘என் வாழ்க்கைக் கதை’. 19 மாதக் குழந்தையாக இருந்தபோது நோயினால் பார்வையையும் கேட்கும் ஆற்றலையும் இழந்தவர் அவர் என்பதும், ஆசிரியை ஆன் சல்லிவன் குழாயடியில் தண்ணீரைக் கையில் விழச் செய்து முதற்சொல்லை உணர்த்தியதும் நாமறிந்தவையே. அவரைப் பற்றிய பாடங்கள் பெரும்பாலும் அந்தக் குழாயடியோடு நின்றுவிடுகின்றன. ஆனால் 1903இல் வெளிவந்த அந்த நூலில் அவர் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். தம் 11ஆம் வயதில் உறைபனி அரசனைப் பற்றி ஒரு கதை எழுதி, பார்வையற்றோர் பள்ளியின் இயக்குநருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். அது முன்பே அச்சான வேறொருவர் கதையைப் போலவே இருப்பது பிறகு தெரிய வந்தது. எப்போதோ அவருக்குப் படித்துக் காட்டப்பட்ட கதை அது. கேட்டதையே மறந்து, தம் கற்பனை என்று நம்பி எழுதியிருக்கிறார். பள்ளியில் ஒரு குழு அமர்ந்து, ஆசிரியையை வெளியே அனுப்பிவிட்டு, அந்தச் சிறுமியைத் தனியே விசாரித்தது. இதை அவர் மறைத்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆயினும் ஓர் அத்தியாயமாகவே எழுதி வைத்தார். தெரிந்தே பார்த்தெழுதிய நான் அதைப் படித்தபோது எப்படித் தலைகுனிந்திருப்பேன் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்!

இரண்டாவது, நம் தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. அதன் பருமனைக் கண்டு நானும் முதலில் அஞ்சினேன். ஆனால் அது 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்த தொடர். ஆகையால் ஒவ்வோர் அத்தியாயமும் சிறியது. தூங்கப் போகுமுன் ஒன்று படித்துவிடலாம். பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்க நல்ல ஆசிரியரைத் தேடிக் குடும்பமே ஊர் ஊராகக் குடிபெயர்ந்ததைப் படித்தால், வீட்டுப்பாடத்தை நொந்துகொள்ளும் நமக்கு வெட்கம் வரும். எனக்கு மிகவும் பிடித்த இடம் 1880ஆம் ஆண்டு நிகழ்ச்சி. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவரிடம், முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். கேட்டவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இல்லை என்றுதான் பதில் சொல்ல முடிந்தது. அந்த நாணத்திலிருந்து எழுந்ததுதான் பின்னாளைய பெரும்பணி. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு, விளங்காத இடங்களைச் சமணர் வீடுகளுக்கே சென்று கேட்டறிந்து, 1887இல் சிந்தாமணியை அச்சிட்டார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட அந்த நாளை அவர் நமக்காக எழுதி வைத்திருக்கிறார்.

நமக்கு அண்மைக் காலத்தவரான அப்துல் கலாம் அவர்களும் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில், விமானப்படைத் தேர்வில் எட்டுப் பேரை எடுத்தபோது தாம் ஒன்பதாவதாக வந்து இடம் இழந்ததைச் சொல்கிறார். 1979இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்ததையும் சொல்கிறார். அதைப் படித்த பிறகுதான் 1980இல் கிடைத்த வெற்றி நமக்கு இனிக்கிறது. ஆனி பிராங்க் என்ற யூதச் சிறுமி, ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த நாட்களில் தன் தாயைப்பற்றிக் கடுமையாக எழுதிவிட்டு, பிறகு அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து வருந்துகிறாள். அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாத பெண் நம்மில் யார்?

“பெரியவர்களின் தவறுகளைப் பிள்ளைகள் படித்தால் அவர்களே செய்தார்களே என்று துணிந்துவிடுவார்கள்” என்பார் சிலர். என் பாட்டியும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. பிறர் குற்றங்களைத் தோண்டி எடுத்து விற்பதற்கென்றே எழுதும் புத்தகங்களும் இருக்கின்றன; அவை வம்புப் பேச்சுதான். ஆனால் ஒருவர் தம் தவற்றைத் தாமே வருந்திச் சொல்லும்போது, படிப்பவருக்குத் தவறு செய்யத் துணிவு வருவதில்லை. ஒப்புக்கொள்ளத் துணிவு வருகிறது. எனக்கு வந்தது.

அப்படியானால் நல்ல நூலை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் கைக்கொள்ளும் வழிகளைச் சொல்கிறேன். முதற்பக்கத்தைப் படிக்காமல், இடையில் ஏதேனும் ஐந்து பக்கம் படித்துப் பாருங்கள். அங்கே ஒரு வீடு, ஓர் அடுப்பு, கட்ட முடியாத பள்ளிக் கட்டணம், ஒரு சண்டை இருக்கிறதா? அவர் நம் வயதில் இருந்த பகுதியைத் தேடுங்கள். அது இரண்டே வரியில் முடிந்துவிட்டால் புத்தகத்தை மூடிவிடலாம். பிறகு, எழுதியவர் யார் என்று பாருங்கள். பிறர் எழுதியதாயின், அவரோடு பழகியவரா என்று கேளுங்கள். மேரி கியூரியின் வரலாற்றை அவருடைய மகள் ஈவ் 1937இல் எழுதினார். அக்காளின் மருத்துவப் படிப்புக்காகத் தங்கை பிறர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பணம் அனுப்பிய கதையை மகளைவிட அன்போடு யார் சொல்வார்? ஆனால் அன்பு மிகுந்த கை சிலவற்றை விட்டுவிடவும் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஆசிரியர்களுக்கும் ஒரு பணிவான விண்ணப்பம். பரிசுக்குப் பத்து மெலிந்த புத்தகங்கள் வாங்கும் பணத்தில், உயிருள்ள இரண்டு மூன்று நூல்களை வாங்கி நூலகத்தில் வையுங்கள். நாங்கள் மாற்றி மாற்றிப் படித்துக்கொள்கிறோம்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஆசிரியை என் தாளைப் படித்தார்கள்; திட்டவில்லை. என் நோட்டை வாங்கி, ‘மிக நன்று’ என்பதை ஒரே கோட்டில் அடித்தார்கள். “வேறு புத்தகம் படித்து எழுதிக்கொண்டு வா, அம்மா” என்று மட்டும் சொன்னார்கள். நான் ‘சத்திய சோதனை’யைப் படித்து எழுதினேன். எழுத்துப் பிழைகள் ஏழு இருந்தன. கிடைத்தது வெறும் ‘நன்று’. ஆனால் தோழியரே, அந்த ‘நன்று’ என்னுடையது!