ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால் தப்பு டிரைவர் மேல் மட்டும்தானா?

ஆடித்தபசு நாளில் சங்கரன்கோவில் ரத வீதிகளில் நடந்தவர்களுக்குத் தெரியும்: அங்கே ஒரு கார் திடீரென்று சீறினால் ஒதுங்கி நிற்க இடம் கிடையாது. திருவிழா இல்லாத நாளிலும் சாயங்கால நேரத்தில் கடைவீதி அப்படித்தான். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மூன்று விநாடியில் 33 மீட்டரைத் தாண்டிவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் ரேஸ் ஆகிக்கொண்டே இருந்தால், டிரைவருக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.

"வண்டி தானா பாய்ஞ்சிடுச்சு சார்" என்று விபத்துக்குப் பிறகு டிரைவர் சொன்னால் பெரும்பாலும் யாரும் நம்புவதில்லை. "பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சிருப்பான்" என்பதே சுற்றி நிற்பவர்களின் தீர்ப்பு. பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் எல்லா நேரமும் இல்லை. எது உண்மை என்று கண்டுபிடிப்பதற்கான வழி, கார்கள் கேபிளிலிருந்து எலெக்ட்ரானிக்ஸுக்கு மாறியபோது முழுதாக மாறிவிட்டது. நம் விசாரணை முறை இன்னும் மாறவில்லை.

கேபிள் காலம்

மாருதி 800, ஆம்னி போன்ற பழைய பெட்ரோல் கார்களில் விஷயம் எளிது. பெடலை மிதித்தால் ஒரு இரும்புக் கேபிள் இழுபடும். அது இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் உள்ள சிறிய தகட்டுக் கதவைத் திறக்கும். அந்தக் கதவுதான் த்ராட்டில். காலை எடுத்தால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். பைக்கில் ஆக்சிலேட்டர் கேபிள் மாற்றியவர்களுக்கு இது புதிதல்ல.

இதில் வரும் கோளாறுகளும் கண்ணுக்குத் தெரிபவை. கேபிளின் இழைகள் பிரிந்து உறைக்குள் சிக்கும். தூசியும் துருவும் ஏறி இறுகும். ஸ்பிரிங் தளரும். த்ராட்டில் கதவில் கரி படிந்து ஒட்டிக்கொள்ளும். ரோட்டோர மெக்கானிக் பானெட்டைத் திறந்து, கையால் இழுத்துப் பார்த்தே "கேபிள் போச்சுண்ணே" என்று சொல்லிவிடுவார்.

கம்பி போய் கரண்ட் வந்தது

1980களின் இறுதியில் பிஎம்டபிள்யூ போன்ற சொகுசு கார்களில் வந்த எலெக்ட்ரானிக் த்ராட்டில், இன்று சாதாரண ஹேட்ச்பேக் வரை வந்துவிட்டது. இதில் பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே கேபிள் இல்லை. பெடலில் உள்ள சென்சார்கள், கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை மின்சமிக்ஞையாக இசியு எனும் கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. எவ்வளவு திறக்கலாம் என்று அது முடிவு செய்து, ஒரு குட்டி மோட்டார் மூலம் கதவைத் திறக்கிறது. புகைக் கட்டுப்பாடு, குரூஸ் கன்ட்ரோல், வழுக்கும்போது வண்டியை நிலைப்படுத்துவது எல்லாவற்றுக்கும் இது வசதி.

"கம்ப்யூட்டர் கையில் ஆக்சிலேட்டரா?" என்று பயப்படத் தேவையில்லை. பெடலில் குறைந்தது இரண்டு சென்சார்கள் இருக்கும், த்ராட்டிலிலும் அப்படியே. இரண்டும் வேறு வேறு கணக்கில் சமிக்ஞை தரும். அவை ஒத்துப்போகவில்லை என்றால் இசியு சந்தேகப்பட்டு, வேகத்தைக் குறைத்து, வண்டியை 'லிம்ப் மோட்'டில் தள்ளிவிடும். செக் இன்ஜின் லைட் எரியும், வண்டி ஊர்ந்து போகும். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் சேர்ந்து மிதிபட்டால் பிரேக்குக்கே முன்னுரிமை தரும் வசதியும் இன்று பல கார்களில் உண்டு. பழைய கேபிளுக்கு இந்தப் புத்தியெல்லாம் கிடையாது.

டொயோட்டா சொன்ன பாடம்

அப்படியானால் எலெக்ட்ரானிக் கார் மாட்டிக்கொள்ளவே செய்யாதா? 2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ அருகே ஒரு லெக்சஸ் கார் கட்டுக்கடங்காமல் ஓடி, நான்கு பேர் இறந்தனர். ஓட்டியவர் நெடுஞ்சாலை ரோந்து போலீஸ் அதிகாரி. வண்டி ஓட்டுவதில் பயிற்சி பெற்றவர். விசாரணையில் தெரிந்த காரணம்: வேறு மாடலுக்கான ரப்பர் மேட் உள்ளே போடப்பட்டிருந்தது, அதில் பெடல் மாட்டிக்கொண்டது.

2010 ஜனவரியில் டொயோட்டா அங்கே சுமார் 23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. இந்த முறை காரணம், பெடலின் உராயும் பாகம் தேய்ந்து இறுகியது. சின்ன இரும்புத் துண்டு ஒன்றைச் செருகிச் சரிசெய்தார்கள். இரண்டு சம்பவத்திலும் சிக்கியது எலெக்ட்ரானிக்ஸ் அல்ல. கண்ணுக்குத் தெரியும் பொருட்கள்தான்.

அப்புறம் எலெக்ட்ரானிக்ஸையே சோதிக்க நாசா பொறியாளர்கள் அழைக்கப்பட்டார்கள். த்ராட்டிலை அகலத் திறந்துவிடும் எலெக்ட்ரானிக் கோளாறுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2013இல் ஓக்லஹோமா நடுவர் குழு ஒன்று, மென்பொருளில் குறைகள் இருப்பதாக நிபுணர் தந்த சாட்சியத்தைக் கேட்ட பின், 2007இல் நடந்த கேம்ரி விபத்துக்கு டொயோட்டாவே பொறுப்பு என்று சொன்னது. மேட், பெடல் பிரச்சினைகளில் மக்களைத் தவறாக நம்பவைத்ததற்காக 2014இல் 120 கோடி டாலர் கட்டவும் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

மொத்தத்தில் எலெக்ட்ரானிக் த்ராட்டில் பாதுகாப்பானதுதான். ஆனால் அதில் ஏதாவது தப்பு நடந்தால், அதற்கான சாட்சி மெக்கானிக்கின் கையில் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

கேபிளோ எலெக்ட்ரானிக்கோ, செய்ய வேண்டியது ஒன்றுதான்.

1. பிரேக்கை ஒரே அழுத்தாக, முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். விட்டு விட்டு மிதிக்கவே கூடாது. பெட்ரோல் கார்களில் த்ராட்டில் திறந்திருக்கும்போது பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் குறையும். ஒவ்வொரு முறை விட்டு மிதிக்கும்போதும் பெடல் இன்னும் கல்லாகும்.

2. கூடவே கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வர வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் 'என்'. இன்ஜின் காது கிழிய அலறும். அலறட்டும், இன்ஜின் போனால் மாற்றிக்கொள்ளலாம்.

3. வண்டி ஓரம் கட்டி நின்ற பிறகு இன்ஜினை அணைக்கலாம். ஓடும்போது சாவியை முழுதாகத் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. புஷ் பட்டன் கார்களில், பெரும்பாலும் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

4. குனிந்து கையால் மேட்டை இழுக்கக் கூடாது. அந்த நேரத்தில் கண் ரோட்டில் இருக்க வேண்டும்.

அதற்கு முன்பே செய்யக்கூடியது இன்னும் சுலபம். டிரைவர் பக்கம் ஒரே மேட், அதுவும் கொக்கியில் மாட்டியதாக இருக்கட்டும். மேட் மேல் மேட் வேண்டாம். தண்ணீர் பாட்டில் காலடியில் உருளக் கூடாது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள், ரீகால் பாக்கி இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனியிடம் கேட்டுவிட வேண்டும். ரீகால் கடிதம் முதல் ஓனர் முகவரிக்கே போயிருக்கலாம்.

சாட்சி சொல்ல கார் தயார், கேட்பவர் யார்?

2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் பாய்ந்து ஒரு தாயும் மகளும் இறந்தனர். கார் கோளாறு என்றார் அவர். காரில் பதிவான தகவல்கள் வேறு கதை சொன்னன. பெடல் மாறி மிதித்ததாகவே 2021இல் நீதிமன்றம் முடிவு செய்தது. இங்கே பதிவு டிரைவருக்கு எதிராகப் பேசியது. இன்னொரு வழக்கில் அதே பதிவு டிரைவரைக் காப்பாற்றலாம். ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் இந்தப் பதிவுக் கருவி கட்டாயம்.

நம்மூரில் கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கும் ராஜபாளையத்துக்கும் டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவருக்கு லைசென்ஸும் வருமானமும் அதில் அடங்கியிருக்கின்றன. இறந்தவரின் குடும்பத்துக்கும் உண்மை தெரிய உரிமை இருக்கிறது. "டிரைவர் தப்பு" என்று எழுதி மூடிவிட்டால், அதே கோளாறோடு அதே மாடல் நாளை வேறொரு தெருவில் நிற்கும்.

சட்டத்தில் கதவு பாதி திறந்திருக்கிறது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவும், 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளும், ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களைக் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைக்க உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகின்றன. ரூ.1 கோடி வரை அபராதமும் உண்டு. ஆனால் அந்த அதிகாரம் வேலை செய்யப் புகார்கள் சேர வேண்டும். காரணமே பதிவாகாத விபத்து எந்தக் கணக்கிலும் வராது.

ஆகவே மூன்று விஷயங்கள் உடனே தேவை. "தானா பாய்ந்தது" என்று டிரைவர் சொல்லும் ஒவ்வொரு விபத்திலும், பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் ஸ்கேனர் போட்டு, பெடல், மேட் இருந்த நிலையைப் போட்டோ எடுப்பது விசாரணையின் வழக்கமான பகுதியாக வேண்டும். விபத்துப் பதிவுக் கருவியை இங்கும் கட்டாயமாக்கி, அந்தத் தகவலைப் பெறும் உரிமையை வண்டி உரிமையாளருக்குத் தர வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் எட்டு போடச் சொல்லித் தருவதோடு, ஆக்சிலேட்டர் மாட்டினால் பிரேக், நியூட்ரல் என்பதையும் கால் மறக்காதபடி பழக்க வேண்டும்.

கேபிள் காலத்தில் உண்மையைப் பார்க்க பானெட்டைத் திறந்தால் போதும். இன்று அதற்கு ஒரு ஸ்கேனர் வேண்டும். அது ஊரில் பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. விபத்து நடந்த இடத்துக்கும் அது வந்து சேர வேண்டும்.