வாத்துக்கு உயிர் கொடுத்தவர்

டொனால்ட் என்ற வாத்தை உங்கள் வீட்டுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கும். மாலுமிச் சட்டை போட்டிருக்கும். கால்சட்டை போடாது. தொட்டதற்கெல்லாம் கோபம் வரும்.

அதைச் சினிமாவில் ஆடவிட்டவர் வால்ட் டிஸ்னி. இது ஊரறிந்த விஷயம். ஆனால் புத்தகத்தில் அதைப் பல வருஷம் வரைந்தவர் வேறொருவர். அவர் பெயர் கார்ல் பார்க்ஸ்.

அவர் 1901-ல் அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. காதும் சரியாகக் கேட்காது. 1935-ல் டிஸ்னி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

முதலில் கிடைத்தது சில்லறை வேலைதான். கார்ட்டூன் படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடவேண்டும். வாத்து கையைத் தூக்குகிறது என்று வையுங்கள். தூக்குவதற்கு முன்பு ஒரு படம், தூக்கிய பிறகு ஒரு படம் என்று பெரிய சித்திரக்காரர் போட்டுக்கொடுப்பார். நடுவில் வருவதையெல்லாம் பார்க்ஸ் போன்றவர்கள் வரையவேண்டும். பிறகு கதை இலாகாவுக்குப் போனார். அங்கே கதையை எழுதுவதைவிட வரைவதுதான் அதிகம். காட்சி காட்சியாக வரைந்து, பலகையில் வரிசையாகக் குத்திவைப்பார்கள். பார்ப்பவர்கள் சிரிக்கவில்லையா? காகிதத்தை எடுத்துவிட வேண்டியதுதான்!

இந்தப் பயிற்சி புத்தகத்தில் கைகொடுத்தது. சினிமாவில் நூறு படத்தில் காட்டுவதை இங்கே ஒரே படத்தில் காட்டவேண்டும். எந்த ஒன்றை எடுப்பது? அதில்தான் சாமர்த்தியம். வாத்து ஓடுவதை வரைய வேண்டியதில்லை. ஓடப்போகும் நேரத்தில் ஒரு காலைத் தூக்கி, உடம்பைப் பின்னுக்கு வளைத்து நிற்பதை வரைந்தால் போதும். ஓட்டம் தானே தெரியும். இருப்பது ஓர் அலகு. அதிலேயே பொறாமை, பயம், அசட்டுச் சிரிப்பு எல்லாம் வந்துவிடும்.

படக்கதை பார்த்தால் படிப்பு கெடும் என்று சில பெற்றோர்கள் சொல்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. படத்தைப் பார்த்துச் சிரித்த பையன், வாத்து என்னதான் சொன்னது என்று அறிய எழுத்துக்கூட்டியாவது படிப்பான். பெரியவர்களும் அப்படித்தான்.

1942-ல் பார்க்ஸ் கம்பெனியை விட்டு விலகினார். கோழி வளர்க்கப் போனார்! கூடவே வாத்துக் கதைகளை வரையத் தொடங்கினார். கஞ்ச மகாப்பிரபு மாமா ஸ்குரூஜை 1947-ல் உண்டாக்கியவர் இவர்தான். 1949-ல் வந்த ஒரு கதையில், மூழ்கிய கப்பலுக்குள் பிங்பாங் பந்துகளை நிரப்பி மேலே கொண்டு வருகிறார்கள். 1964-ல் குவைத் துறைமுகத்தில் ஆடுகளோடு மூழ்கிய ஒரு கப்பலை, பிளாஸ்டிக் உருண்டைகளைச் செலுத்தி நிஜமாகவே தூக்கினார்கள்.

அந்தக் கதைகள் வந்த மாதப் பத்திரிகை 1950-களின் தொடக்கத்தில் சுமார் 30 லட்சம் பிரதிகள் விற்றது. விலை 10 சென்ட். ஆனால் பார்க்ஸின் பெயர் அதில் இல்லை. வால்ட் டிஸ்னி என்ற பெயர் மட்டுமே இருந்தது. குழந்தைகளோ ஏமாறவில்லை. கோட்டைப் பார்த்தே ஆளைக் கண்டுகொண்டார்கள். பெயர் தெரியாததால், "நல்ல வாத்துக்காரர்" என்று சொல்லிக்கொண்டார்கள்.

வால்ட் கெல்லி என்பவரும் அதே டிஸ்னி கம்பெனியிலிருந்து 1941-ல் வெளியேறியவர். சதுப்பு நிலத்துப் பிராணிகளை வைத்து "போகோ" என்ற கதையை வரைந்தார். அது 1948 முதல் தினசரியில் அவர் பெயரோடு வந்தது; அவரும் புகழ் பெற்றார். கம்பெனி பெயர் பெரிதாக இருக்கட்டும். அதன் கீழே வரைந்தவர் பெயரைச் சிறிய எழுத்திலாவது போட்டால் என்ன குறைந்துவிடும்?

1960-ல் ஒரு வாசகர் பார்க்ஸின் பெயரைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினார். தெரிந்தவர் யாரோ கேலி செய்கிறார் என்று பார்க்ஸ் நினைத்தாராம். அப்போது அவருக்கு வயது 59.

1966-ல் ஓய்வு பெற்றார். 2000-ம் ஆண்டு, 99-வது வயதில் காலமானார். இப்போது வரும் மறுபதிப்புகளில் அவர் பெயர் அட்டையிலேயே இருக்கிறது. அவர் கையால் வரைந்த மூலப் படங்கள்தான் பெரும்பாலும் இல்லை. அச்சான பிறகு அழித்துவிட்டார்கள்.