கவனக்குறைவு யாருடையது?

மூட்டை சரிந்து சுமைக்காரன் காலை ஒடித்துக்கொண்டால் உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது: "அவன் கவனக்குறைவு!" பேஷ்!

அறுப்புக் காலத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் பக்கம் நெல் கொள்முதல் நிலைய வாசலைப் போய்ப் பாருங்கள் தோழர்களே. இரண்டே சக்கரமுள்ள டிராக்டர் டிரெய்லரில் நெல் வந்து நிற்கும். முன்பக்க மூட்டைகளை முதலில் இறக்கினால் பின்பாரம் அழுத்தி வண்டியின் மூக்கு எழும்பும். இணைப்பு ஆணி தேய்ந்திருந்தால் ஆள்மேலேயே குடைசாயும். லாரியானால் சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறதா, தளப்பலகை உளுத்திருக்கிறதா, கதவுக் கொண்டி பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்து நிமிஷ வேலை.

அந்தப் பத்து நிமிஷத்துக்குக் கூலி யார் தருகிறார்கள்? மூட்டைக்கு இவ்வளவு என்றுதானே கணக்கு! 40 கிலோ முதுகில் ஏறினால் காசு. குனிந்து சக்கரத்தைப் பார்த்தால் காசில்லை. அப்படிப் பார்த்து நின்ற தோழனை, "நாளைக்கு வராதே" என்று ஒரு கண்ட்ராக்டர் விரட்டியதை நாமே கண்டோம்.

நஷ்டஈட்டுச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில், 1923-லேயே வந்தது. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-ல் வந்தது. கால் போனபின் மனுப் போடலாம், சரி. கால் போகுமுன் வண்டியைப் பார்க்கும் நேரத்துக்கு?

டிரைவரும் மேஸ்திரியும் சுமைக்காரரும் சேர்ந்து வண்டியைப் பார்க்கட்டும். அந்த நேரம் கூலியில் ஏறட்டும். பழுது கண்டால் மூட்டையைத் தொட மறுக்கும் உரிமை வேண்டும். ஆலைத் தோழர்களே, உங்கள் வாசலில் 170 கிலோ பஞ்சுப் பொதிகளோடு நிற்கும் லாரிக்கும் இதையே கேளுங்கள்.