பிள்ளை வினவட்டும்!

மெய்யியல் என்றவுடன் நரைத்த தாடியும் பருத்த சுவடியுமே பலர்க்கு நினைவில் எழுகின்றன. பிள்ளைகட்கு அதனால் ஆவதென்ன என்று கற்றோரே வினவுகின்றனர். ஆயின், தனித்தமிழ் இயக்கம் முளைவிட்டதே ஒரு தந்தைக்கும் மகளுக்கும் இடையே நிகழ்ந்த உரையாடலில் அன்றோ! 1916ஆம் ஆண்டில் வள்ளலார் பாட்டொன்றைப் பாடி மகிழ்ந்த மறைமலையடிகள், அதில் 'தேகம்' என நின்ற இடத்தில் 'யாக்கை' என நின்றிருப்பின் ஓசையின்பம் மிக்கிருக்கும் என்று மகள் நீலாம்பிகைக்கு விளக்கினார். அவர்க்கு அப்போது அகவை 13. அவ்வாறாயின் இனி அயற்சொல் கலவாமலே பேசலாமே என்று அச்சிறுமி எண்ணினார். ஒரு சொல்லுக்குத் தந்தை காட்டிய ஏதுவை எல்லாச் சொற்கும் பொருத்திப் பார்த்தார் மகள். மெய்யியற் பயிற்சி என்பது இதுவே. அடிகள் அன்று, 'நீ சிறியவள், வாளாவிரு' என அதட்டியிருந்தால்?

மணிமேகலையும் வஞ்சி நகரிற் பல்வேறு சமயக் கணக்கர் திறம் கேட்டவள், இளம்பெண். நீலகேசி என்னும் காப்பியமோ முற்றும் சொற்போரே. இவ்வளவு இருந்தும், அமெரிக்காவில் மாத்தியூ இலிப்மன் என்பார் 1974இல் பிள்ளைகட்கான மெய்யியலுக்கென ஒரு நிறுவனம் கண்ட பின்னரே நம்மவர் சிலர்க்குக் கண் திறந்தது! மேற்கிலிருந்து வந்தால்தான் நம் வீட்டுப் பொருளும் நமக்கு இனிக்கும் போலும்.

இன்று பெருநகரங்களிற் செல்வர் சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுக்காது வீட்டிலேயே பயிற்றுகின்றனர். அதனைப் புதுமை என்று போற்றுகின்றனர். விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கங்களிலோ 'பிள்ளை வீட்டில் இருக்கிறது' என்பதற்கு நெடுங்காலம் வேறு பொருள் இருந்தது. தீக்குச்சி அடுக்கவும், பெட்டி ஒட்டவும், வெடிக்குக் குழாய் உருட்டவும் இருந்தது என்பதே அது. சிவகாசிச் சிறார் உழைப்பைப் பற்றிய வழக்கில் 1996ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள் உச்சநயமன்றம், தீங்கான தொழிலில் அமர்த்தப்பெறும் ஒவ்வொரு சிறார்க்கும் முதலாளி 20,000 உருபா செலுத்துமாறு தீர்த்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் 6 முதல் 14 அகவை வரை உள்ளோர்க்குப் பள்ளியை உரிமையாக்கிற்று. எனவே, இப்பகுதியிற் பள்ளியை விட்டுப் பிள்ளையை வீட்டில் நிறுத்துக என எவரேனும் கூறின், அவர் இம்மண்ணின் வரலாறு அறியாதவர். வேண்டுவது பள்ளிக்கு மாற்றன்று; பள்ளி தாராத ஒன்று.

2020இற் கொள்ளைநோயாற் பள்ளிகள் மூடுண்டன. அடுத்த ஆண்டு அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தால், தன்னார்வலர் மாலைதோறும் தெருவிலும் திண்ணையிலும் எழுத்தும் எண்ணும் பயிற்றினர். நற்பணியே. ஆயினும், விட்டுப்போன பாடத்தை ஈடுசெய்யும் விரைவில் பிள்ளையின் வினாவுக்கு எத்துணைப் பொழுது எஞ்சியிருக்கும்? நம் பள்ளிகளின் போக்கும் இதுவே. 1330 குறளையும் ஒப்பிக்கும் பிள்ளைக்குப் பரிசுண்டு. ஒரு குறளை 'இஃது எல்லார்க்கும் பொருந்துமா?' என்று கேட்கும் பிள்ளைக்கோ அதட்டலே உண்டு.

குழாய் உருட்டும் தாய்க்குக் கைதான் ஓய்வற்றது, வாய் ஓய்வுடையது. உள்ளத்தைச் சார்ந்தது உண்மை, வாயைச் சார்ந்தது வாய்மை, மெய்யைச் சார்ந்தது மெய்மை எனத் தமிழ் மூன்றாய்ப் பகுத்திருக்கிறது. ஆய்வுக்கு வந்த அலுவலரிடம், 'இங்குச் சிறுவர் எவரும் வேலை செய்வதில்லை' என்று ஒருவன் சொல்கிறான்; பின்கதவால் சிறுவரை வெளியே அனுப்பிவிட்டதால் அந்நேரத்தில் அவன் சொல் சரியாகவே இருக்கிறது. அவனிடம் இம்மூன்றில் எது இல்லை? பத்து அகவைப் பிள்ளை இதனை விடாது பற்றிக்கொள்ளும். தேரின் உருளையை இவ்வாண்டு மாற்றினர், அச்சை அடுத்த ஆண்டு, பலகைகளைப் பின்னர். எல்லாம் மாறியபின் அது பழைய தேரா? கிரேக்கர் கப்பலை வைத்துக் கேட்ட வினாவைத் திருவில்லிபுத்தூர்ப் பிள்ளை தேரை வைத்துக் கேட்கட்டும்.

கடினமான வினாவும் ஒன்றுண்டு. வெடிக்குப் பச்சை நிறம் தரும் பேரிய உப்பை 2018இல் உச்சநயமன்றம் தடுத்தது. புகையால் மூச்சுத் திணறுவோர் ஒருபுறம். தொழில் நின்றால் உலை வைக்க இயலாதோர் ஒருபுறம். எவர் பக்கம் அறம்? இதற்குத் தாய் விடை கூறலாகாது. 'ஏன் அவ்வாறு எண்ணுகிறாய்? நீ தில்லியில் இளைப்பு நோயோடு பிறந்திருந்தால்?' என்று மட்டுமே கேட்க வேண்டும். தாய்க்கே விடை தெரியாமலிருப்பது குற்றமன்று; அதனைப் பிள்ளை காண்பதும் நன்றே.

வினவப் பழகிய பிள்ளை நாளை கூலியைப் பற்றியும் கேட்கும், குலத்தைப் பற்றியும் கேட்கும், வெடிச்சாலையில் உயிர் போனவர்க்கு ஈடு என்னவென்றும் கேட்கும் என்று அஞ்சுவோர் உளர். அவர் அஞ்சுவது சரியே, கேட்கத்தான் செய்யும். கோடை விடுமுறையிற் பிள்ளைகள் ஒரு திங்களுக்கு மேல் வீட்டில் இருப்பர். மாலையில் ஒரு நாழிகை, ஒரு வினா. முதலில் தேரை வைத்தே தொடங்கலாம்.