பேச்சையும் படியில் அளந்து பாருங்கள்!

தேர்தல் வந்துவிட்டால் கிருஷ்ணன்கோவில் பஸ் நிறுத்தத்தில் காது கொடுத்து நிற்க முடியாது. ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று வத்திராயிருப்புப் பக்கம் திரும்பும். அடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து வரும்.

"வளர்ச்சி" என்கிறது ஒரு கட்சி. "உரிமை" என்கிறது இன்னொரு கட்சி. "ஏழைகளின் கட்சி நாங்களே" என்கிறது மூன்றாவது கட்சி.

எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். ஆனால் அளவு எங்கே?

மூன்று படி அரிசி

இதே மாவட்டத்து விருதுநகரில், 1967-ம் ஆண்டுத் தேர்தலில் காமராஜர் நின்றார். பள்ளிக்கூடங்களைத் திறந்தவர். பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டவர். காங்கிரஸ் அந்தச் சாதனைகளைச் சொல்லி ஓட்டுக் கேட்டது.

அப்போது அரிசிக்குத் தட்டுப்பாடு. விலையோ ஏறிக்கொண்டிருந்தது. 1965-ல் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கோபமும் ஆறவில்லை.

தி.மு.க. என்ன சொன்னது? "ரூபாய்க்கு மூன்று படி அரிசி!"

சமதர்மம் என்று மேடையில் பேசினால் ஜனங்கள் கைதட்டுவார்கள். மூன்று படி என்றால், வீட்டுக்குப் போய்க் கணக்குப் போடுவார்கள். கொள்கை அடுப்படிக்கே வந்துவிட்டது!

மாணவர் தலைவர் சீனிவாசனிடம் காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். அண்ணா முதல்-மந்திரி ஆனார்.

பிறகு நடந்தது என்ன?

சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள். மூன்று படி வரவில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசாங்கம் அல்லவா கட்டவேண்டும்? பணம் இடம் கொடுக்கவில்லை.

இதைச் சொல்லி, அரிசி வாக்குறுதியைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் கேலி செய்யமாட்டேன். அதில் அளவு இருந்தது. "மூன்று படி எங்கே?" என்று ஜனங்கள் கேட்க முடிந்தது. 2006-ல் "கிலோ 2 ரூபாய்" என்றார்கள். ரேஷன் கடையில் அரிசி வந்தது. வந்ததா, இல்லையா என்று யாரும் பார்க்க முடிந்தது.

"வளர்ச்சி" வந்ததா என்று எந்தக் கடையில் போய்ப் பார்ப்பது?

மூன்று கேள்வி

ஆகவே, ஓட்டுக் கேட்டு வருகிறவரை வாசலில் நிறுத்தி, மூன்று கேள்வி கேளுங்கள்.

எவ்வளவு? எப்போது? பணம் எங்கிருந்து?

பதில் சொன்னால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தேர்தலில் அவரிடமே படித்துக் காட்டலாம்.

அரிசியைத் தலை தட்டி அளந்து வாங்குகிறோம். ஐந்து வருட ஆட்சியைக் கொடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்ளலாமா?