தாவீதின் வீட்டு மகன்



2022 மார்ச்சில், விருதுநகரில் இளம்பெண் ஒருவருக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமை தொடர்பாகக் கைதான எட்டுப் பேரில் நால்வர் பள்ளி மாணவர்கள். இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் பெண்ணின் வளர்ப்பையே விசாரிக்கிறோம். ஆண்பிள்ளையின் வளர்ப்பை யார் விசாரிக்கிறார்கள்?

அம்னோன் தன் சகோதரி தாமாரைப் பலவந்தம்பண்ணினான். தாவீது மிகவும் கோபங்கொண்டார். மகனைத் தண்டித்ததாக வேதத்தில் இல்லை (2 சாமுவேல் 13). பத்சேபாளை அழைப்பித்த தகப்பன் எந்த வாயால் கண்டிப்பார்? அதே குடும்பத்தில்தான் தாமாரும் வளர்ந்தாள். ஆகவே வளர்ப்பைக் காட்டி அம்னோனை விடுவிக்க முடியாது. ஆயினும் மகன் தகப்பனின் உபதேசத்தைவிடக் கையையே கவனிக்கிறான்.

பட்டாசு ஆலையிலிருந்து வாரச் சம்பளத்தோடு திரும்பும் தாயை அந்தப் பணத்துக்காகத் தகப்பன் அடிக்கும் வீடுகள் நம் சபையிலும் உண்டு. அவ்வீட்டுப் பையன்கள் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கிறார்கள்.